வியாழக்கிழமைப் பிள்ளை

எங்கள் குடியிருப்பின் தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில், பனி உருகத் தொடங்கிய ஒரு மார்ச் மாதக் காலையில், ஃபீபி வந்து நின்றபோது அவளுக்கு வயது இருநூற்று நாற்பத்து நான்கு, பார்ப்பதற்கு இருபத்திரண்டு, அவள் மார்போடு சேர்த்துத் துணியில் கட்டியிருந்த ஆண்குழந்தைக்கோ பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. நியூ ஜெர்சியின் அந்தப் பக்கத்தில் இதை யாரும் அதிசயமாக நினைப்பதில்லை. முதலில் அங்கே இருந்த டச்சு விவசாயிகளிடமும், அவர்களிடமிருந்து நிலத்தை வாங்கிய இத்தாலியர்களிடமும், அதற்குப் பிறகு வந்த போலந்துக்காரர்களிடமும் அவள் இப்படித்தான் வந்து நின்றிருக்கிறாள், நிலம் கைமாறும்போதெல்லாம் வருவாள் என்று டவுன்ஷிப் அலுவலகத்தில் குப்பை எடுக்கும் கிழமையைச் சொல்வதுபோலச் சொல்லி அனுப்புவார்கள். எங்களிடமும் சொல்லியிருப்பார்கள். அப்போது எங்கள் கவனமெல்லாம் எந்தத் தெருவில் கிழக்குப் பார்த்த வாசல் கிடைக்கும் என்பதில் இருந்தது.

“மெயில்பாக்ஸ் பக்கத்துல ஒரு பிளாக் லேடி ரொம்ப நேரமா நிக்கறாங்க, எல்லாரும் பேக்கேஜை எடுத்து உள்ள வச்சுக்கோங்க” என்று வாட்ஸப் குழுவில் முதல் செய்தி வந்தது. அதை எழுதியவன் நான்தான். பிறகு சொல்லிக்கொள்ளத் தைரியம் இருக்காது என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடியிருப்புக்கு வான் ஹெக் ஃபார்ம்ஸ் என்று பெயர். வான் ஹெக் என்ற டச்சுக் குடும்பத்தின் பண்ணையாக இருந்த இடத்தில் நூற்று நாற்பது வீடுகள் கட்டி, தெருக்களுக்கு அந்தக் குடும்பத்துப் பெண்களின் பெயர்களை வைத்திருந்தார்கள். பாதிக்கு மேல் தமிழர்கள், நான் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். ஃபீபி அந்தப் பண்ணையின் அடிமை. அவளை யாரும் விடுதலை செய்யவில்லை, அவள் இறக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தின் கீழ்த்தளத்தில் நாங்கள் நடத்திய தமிழ்ப் பள்ளியில் அவள் கடைசி வரிசையில் குழந்தையோடு உட்கார்ந்து, எங்கள் பிள்ளைகள் நான்கு வருடமாக மென்று துப்பிக்கொண்டிருந்த ழகரத்தை ஆறே வாரத்தில் அழகாகச் சொல்லி, வாத்தியாரம்மாவைக் கண்கலங்க வைத்தாள். இத்தாலியர்களிடம் இத்தாலியும் போலந்துக்காரர்களிடம் போலிஷும் இப்படித்தான் கற்றுக்கொண்டாளாம். எங்கள் பெண்களை அக்கா என்றாள், ஆண்களை அண்ணே என்றாள். அண்ணே என்று ஒருத்தி கூப்பிட்டுவிட்டால் நம் ஆட்கள் உருகிப்போவார்கள் இல்லையா, நாங்களும் உருகினோம். ஒருவர் வீட்டிலிருந்து இட்லி போனது, இன்னொருவர் வீட்டிலிருந்து தயிர்சாதம் போனது, கராஜில் சும்மா கிடந்த தொட்டில் போனது, யாரோ ஒருத்தி குழந்தையின் கன்னத்தில் கண்மையால் திருஷ்டிப் பொட்டு வைத்தாள். அடிமைகளுக்குள்ளும் நம்மைப்போல மேல் கீழ் உண்டா என்று கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நண்பர் என்னிடம் ஆர்வமாகக் கேட்டார். எச்-ஒன் விசாவில் இருக்கும் நாமெல்லாம் மட்டும் யாராம், நாமும் அடிமைதானே என்று இன்னொருவர் சொன்னார், நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஃபீபியும் பக்கத்தில்தான் இருந்தாள். மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் அவள் என் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, தான் எதற்காக வந்தாள் என்பதைச் சொன்னாள்.

ஆயிரத்து எண்ணூற்று நாலில் நியூ ஜெர்சி அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தைப் பற்றிய பலகை எங்கள் பூங்கா வாசலிலேயே இருக்கிறது, தினமும் அதைத் தாண்டித்தான் நடைப்பயிற்சிக்குப் போகிறோம். ஏற்கெனவே அடிமைகளாக இருந்தவர்களை அந்தச் சட்டம் தொடவில்லை. அந்த வருடம் ஜூலை நாலாம் தேதிக்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளைகள் மட்டும் சுதந்திரர்கள், அவர்களும் தாயின் எஜமானுக்கு ஆணானால் இருபத்தைந்து வயதுவரை, பெண்ணானால் இருபத்தொரு வயதுவரை உழைத்துக் கொட்டிவிட்டுத்தான் போகலாம். யாருக்கும் நோகாமல் தர்மம் செய்வது எப்படி என்று சட்டசபையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

“நாலாம் தேதி ராத்திரி வாணவேடிக்கை எல்லாம் முடிஞ்சு, கூடத்துக் கடிகாரம் பன்னெண்டு அடிச்சு, அதுக்கப்புறம் மூணும் அடிச்சுது அண்ணே, நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். அதுக்கப்புறம்தான் இவன் பிறந்தான். அப்ப அஞ்சாம் தேதிதானே? வியாழக்கிழமைதானே?” என்றாள் ஃபீபி. “எங்க பாட்டியோட ஊர்ல பிறந்த கிழமைதான் பிள்ளைக்குப் பேரு. வியாழக்கிழமை பிறந்தா யாவ். இவன் பேரே அதுதான். பெரிய வான் ஹெக்கு விடிஞ்சதும் போயி நாலாம் தேதின்னு எழுதிட்டாரு, நாலாம் தேதின்னா ஆயுசுக்கும் அடிமை. நான் இல்லைன்னேன். கிளார்க்கு ரெண்டையும் கேட்டுட்டு, தேதி தகராறுல இருக்குன்னு எழுதி வச்சுட்டாரு.”

தேதி தகராறில் இருந்ததால் யாவ் வளரவில்லை. முதல் நாள் எப்படி இருந்தானோ அப்படியே, மூடிய கண்ணும் மூடிய கையுமாக இரண்டு நூற்றாண்டாக இருந்தான். பதிவு பெற்ற ஏதாவது ஒரு சங்கம் அவன் பிறந்த தேதியை எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தால் டவுன்ஷிப் ஏற்றுக்கொள்ளும், எந்தத் தேதி எழுதப்படுகிறதோ அந்தத் தேதிக்குரிய வாழ்க்கையை அவன் வாழத் தொடங்குவான். டச்சுக்காரர்கள் வான் ஹெக்கோடு சம்பந்தம் கலந்தவர்கள், எழுத மாட்டோம் என்றார்கள். இத்தாலியர்களும் போலந்துக்காரர்களும் ஆளுக்கொரு பாதிரியாரைக் கைகாட்டிவிட்டுப் பேச்சை மாற்றினார்கள்.

“உங்க ஆளுங்க பிறந்த நேரத்தை நிமிஷம் தப்பாம எழுதி வைப்பீங்களாமே அண்ணே. இத்தனை வருஷத்துல அப்படிப்பட்டவங்க இப்பதான் வந்திருக்கீங்க. அஞ்சாம் தேதின்னு எழுதிட்டாப் போதும். இருபத்தஞ்சு வருஷம் உழைக்கட்டும், அப்புறம் அந்த கேட்டைத் தாண்டி ரோட்டுல நடந்து போகட்டும். அதை ஒரு தடவை பாத்துட்டேன்னா போதும் எனக்கு.”

நிச்சயமாகச் செய்கிறோம் என்றேன். அந்தப் பாவத்தில் எங்களுக்குப் பங்கில்லை, நாங்கள் நேற்று விமானத்தில் வந்து இறங்கியவர்கள், எங்களைவிட நடுநிலையாக யார் எழுதிவிட முடியும் என்றும் சொன்னேன். அவள் எழுந்துகொள்ளும்போது, உங்க ஊர்ல இதெல்லாம் இருந்ததில்லையா அண்ணே என்று கேட்டாள்.

“அது வேற மாதிரிம்மா” என்றேன். “மன்னார்குடிப் பக்கம் எங்க தாத்தாவுக்கு நிலம் இருந்துச்சு, பண்ணையாளுங்க இருந்தாங்க. ஆனா எல்லாரையும் நல்லாத்தான் வச்சிருந்தோம்.”

“அவங்க உங்களை என்னன்னு கூப்பிடுவாங்க?”

“எசமான்னு. அஞ்சு வயசுல என்னையே அப்படித்தான் கூப்பிடுவாங்க, நரைச்ச தலையோட” என்று சொல்லிச் சிரித்தேன். அவள் புதுச் சொல் கற்கும்போது வழக்கமாகச் செய்வதுபோல அதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

எங்கள் சங்கத்தில் பிறந்த நேரம் என்றால் சபேசன்தான். மாயவரத்துக்காரர், மருந்துக் கம்பெனியில் டேட்டாபேஸ் என்ஜினியர், சொந்தமாக ஒரு பஞ்சாங்க மென்பொருள் எழுதி அதில் எங்கள் பிள்ளைகள் நானூறு பேருக்கு இலவசமாக ஜாதகம் கணித்துக் கொடுத்திருக்கிறார். ஜூன் பதினாலு, ஞாயிற்றுக்கிழமை, நூலக அரங்கில் விழாவாகவே வைத்தோம். ஃபீபிக்குச் சுங்குடிப் புடவை கட்டிவிட்டார்கள். வடையும் கேசரியும் இருந்தன. ரக்தாட்சி வருஷம் ஆனி மாதம் ரோகிணி நட்சத்திரத்தில் பிறந்த யாவ் என்ற ஆண்குழந்தைக்கு என்று சபேசன் மைக்கில் கணீரென்று வாசித்தபோது எல்லாரும் கைதட்டினார்கள், எனக்கே புல்லரித்தது. வாசித்த தாளை முத்திரைக்காக என்னிடம் நீட்டினார். பார்த்தேன். பிறந்த தேதி ஜூலை நான்கு, புதன்கிழமை என்று இருந்தது.

எங்களுக்கு ஒரு நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்கி மறு உதயத்தில் முடிவது, விடிவதற்கு முன்னால் பிறந்த பிள்ளை முந்தின நாள் கணக்கில்தான் சேரும், இது ஜாதகம் பார்க்கும் எந்தத் தமிழ் வீட்டுக்கும் தெரியும். சபேசனின் மென்பொருளுக்கும் தெரியும். மூன்று மணி என்று கொடுத்ததும் ஒரு நாளைக் கழித்துவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை, அவர்களுக்கு ஆஸ்பத்திரி கொடுத்த சான்றிதழ் தனியாக இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு இந்த ஒரு தாள்தான்.

எனக்குத் தெரிந்தது. அந்த நொடியிலேயே தெரிந்தது. பூங்காப் பலகையும் ஃபீபி எண்ணிய மணியும் எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் சபேசன் மேடையில் நின்றிருந்தார், இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவரைச் சபையில் வைத்துத் திருத்துவதா என்று கூசியது, பிறகு தனியாகச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், கேசரி வேறு ஆறிக்கொண்டிருந்தது. முத்திரையைக் குத்தினேன். ஃபீபி அந்தத் தாளைப் படிக்காமலே கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாங்கள் எழுதியதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டவுன்ஷிப் அலுவலகத்தில் அதை வாங்கிப் பதிவு செய்துகொண்டார்கள்.

பையன் அன்றே கண்ணைத் திறந்தான். ஒரு நாளைக்கு ஒரு வயது என்று வளர்ந்தான். மூன்றாம் நாள் ஓடினான், ஆறாம் நாள் எங்கள் பூச்செடிகளுக்கு நடுவே குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தான், பத்தாம் நாள் கிளப் ஹவுஸாக மாறிவிட்ட பழைய வான் ஹெக் வீட்டின் பின்புறத்திலிருந்து புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து முதல் தெருவிலிருந்து ஆரம்பித்தான். யாரும் அவனிடம் வேலை சொல்லவில்லை. நூற்று நாற்பது வீட்டுப் புல்லும் ஒரே உயரத்தில் கோலமாவு தூவிய தரைபோலச் சீராக இருந்தது. பாவம், சின்னப் பையன், சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான் என்று எங்கள் பெண்கள் அவனுக்கு மோர் கொடுத்தார்கள், அடுத்த வாரம் மோரோடு சேர்த்து வேலியோரத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், அதற்கடுத்த வாரம் புல்வெட்ட வரும் வழக்கமான ஆட்களை நிறுத்தினோம். நானும் நிறுத்தினேன்.

குடியிருப்பின் வாசலில் வான் ஹெக் ஃபார்ம்ஸ் என்று பொறித்த கல் இருக்கிறது, அதைத் தாண்டினால் பெரிய சாலை. அந்தக் கல்வரை வந்ததும் அவன் கால்கள் தாமாகத் திரும்பிவிடும்.

பதினேழாம் நாள் ஃபீபி என் வீட்டுக் கதவைத் தட்டினாள். தாளின் நகல் கையில் இருந்தது.

“யாவ்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறான் அண்ணே. வேற யாரையோ கூப்பிடுற மாதிரி போறான். எங்க பாட்டி வச்ச பேரு. அப்புறம்தான் இதை எழுத்துக்கூட்டிப் படிச்சேன். புதன்னு போட்டிருக்கு.”

“அது எங்க பஞ்சாங்கக் கணக்கும்மா. தப்புன்னு சொல்ல முடியாது...”

“தப்புன்னு சொல்லலண்ணே. மாத்தித் தாங்க. இருபத்தஞ்சாம் நாளைக்குள்ள மாத்திட்டீங்கன்னா போதும், அவன் கேட்டைத் தாண்டிருவான். அதுக்கப்புறம் போற ஒவ்வொரு நாளும் அவனுக்கு ஒரு வருஷம்.”

என் மகள் மகிழினி மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். திருச்சியில் பிறந்தவள், மூன்று வயதில் இங்கே வந்தவள். எங்கள் பச்சை அட்டைக்கான வரிசை பதினொரு வருடமாக நகராமல் நிற்கிறது, ஆகஸ்டில் அவளுக்கு இருபத்தொரு வயது முடிந்தால் பிள்ளை என்ற கணக்கிலிருந்து விழுந்துவிடுவாள், தனியாக நாட்டை விட்டுப் போக வேண்டும். ஒரு தேதியை வைத்து ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது மனிதத்தன்மையா என்று நான் அந்த வருடம் முழுக்கச் செனட்டர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன், பிரிண்டரில் அதன் பிரதிகள் எப்போதும் கிடக்கும்.

“அந்த லெட்டர்லயே பேரை மட்டும் மாத்திப் போடலாமேப்பா” என்றாள் மகிழினி.

தனியாக நானே மாற்றியிருக்கலாம். முத்திரை என் மேசை டிராயரில்தான் இருந்தது. ஆனால் செயலாளர் இஷ்டத்துக்கு முத்திரை குத்தினால் நாளைக்குக் கேள்வி வரும், எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்று செயற்குழுவைக் கூட்டினேன். விதிப்படி நோட்டீஸ் கொடுத்துக் கூடியபோது ஜூலை ஐந்து ஆகிவிட்டது. அன்று அவனுக்கு இருபத்தொன்று, உண்மையான பிறந்தநாளும் அதுதான். ஜன்னலுக்கு வெளியே அவன் முந்தின இரவு நாங்கள் வெடித்த பட்டாசுக் குப்பையைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.

ஃபீபிக்கு எதிராக அந்தக் கூட்டத்தில் ஒரு வார்த்தைகூட யாரும் பேசவில்லை. எல்லாரும் அவளுக்காக வருத்தப்பட்டார்கள். இதை மாற்றினால் நான் கணித்த நானூறு ஜாதகத்தையும் மாற்றச் சொல்வார்கள், பாதிப் பேருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது என்றார் சபேசன், அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. பதிவான தாளைத் திரும்பப் பெற்றால் டவுன்ஷிப்பில் சங்கத்தின் பெயர் என்னாகும் என்றார் தலைவர். திடீரென்று விட்டுவிட்டால் அந்தப் பையன் எங்கே போவான், வெளி உலகம் அவனுக்கு என்ன தெரியும், இங்கே பாதுகாப்பாக இருக்கிறான் என்றார் பொருளாளரின் மனைவி. கோடை முடியட்டும், இலை உதிரும் காலத்துக்குப் பிறகு யோசிக்கலாமே என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அதைச் சொன்னவரை யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் ஜன்னலைப் பார்த்தோம்.

கடைசியில் ஒரு தீர்மானம் போட்டோம். அடுத்த சித்திரை ஒன்றாம் தேதிக்குப் பிறகு கணிக்கப்படும் ஜாதகங்களில் கடிகாரத் தேதியும் சேர்த்துக் குறிப்பிடப்படும், ஏற்கெனவே கணிக்கப்பட்டவை இருந்தபடியே இருக்கும். ஒருமனதாக நிறைவேறியது. மினிட் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்த நான், தேதிக்குப் பிறகு என்ற சொல்லை எழுதும்போது, இதே வாக்கியத்தை எங்கேயோ படித்திருக்கிறேனே என்று பேனாவை நிறுத்தினேன். பூங்காப் பலகை ஞாபகத்துக்கு வந்தது. மீதியையும் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை ஒன்பது வியாழக்கிழமை. நான் ஆபீஸுக்குக் காரில் போகிறேன். சாலைக்கு அந்தப் பக்கம் ஃபீபி அதே சுங்குடிப் புடவையில், கையில் புதுச் சட்டை ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். இந்தப் பக்கம், கல்லுக்குப் பக்கத்தில், இருபத்தைந்து வயதில் தோள் அகன்று அவன் புல்வெட்டும் இயந்திரத்தோடு நிற்கிறான். “யாவ்! யாவ்!” என்று அவள் கூப்பிடுகிறாள். தொண்டை கிழியக் கூப்பிடுகிறாள். அவன் அந்தக் குரலைக் கேட்டு ஒரு நொடி தலையைச் சாய்க்கிறான், பிறகு என் கார் வருவதைப் பார்த்து இயந்திரத்தை ஓரமாக இழுத்து எனக்கு வழிவிட்டு, தலையை லேசாகக் குனிந்து, திரும்பி உள்ளே போகிறான். எங்கள் தெருவில் இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது. நான் கார்க் கண்ணாடியை இறக்கவில்லை. எனக்கு ஒன்பதரைக்கு மீட்டிங்.

அதற்குப் பிறகு அவன் முப்பதானான், நாற்பதானான், ஒரு வெயில்கால மத்தியானத்தில் முதல் நரை தெரிந்தது. எங்கள் புல் எங்கள் டவுன்ஷிப்பின் பரிசை வாங்கியது. ஆகஸ்ட் இருபதாம் தேதி மகிழினிக்கு இருபத்தொன்று முடிந்தது, யாரும் தேதியை மாற்றித் தரவில்லை, டொரண்டோவுக்கு டிக்கெட் எடுத்தோம். விமான நிலையத்தில் அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. “அவனுக்கு இப்ப அறுபத்தேழுப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதேன், மகளுக்காக அழுதேனா அவமானத்தில் அழுதேனா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, டிராயரைத் திறந்து, ஆயிரத்து எண்ணூற்று நாலு ஜூலை ஐந்து, வியாழக்கிழமை என்று தமிழில் கையால் எழுதி, முத்திரை குத்தினேன். மூன்று நிமிடம் ஆனது. அறுபத்தேழு நாளில் எனக்குக் கிடைக்காத மூன்று நிமிடம்.

வெளியே வந்தபோது அவன் என் வீட்டுப் புல்தரையில்தான் மண்டியிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தான், முதுகு வளைந்திருந்தது, விரல்கள் மடங்கவில்லை. யாவ் என்று கூப்பிட்டேன். எழுதிய மை காய்ந்திருக்கவில்லை, ஆனாலும் திரும்பினான். இரண்டு நூற்றாண்டும் அறுபத்தேழு நாளும் கழித்து அவன் பெயர் அவன் காதுக்குத் திரும்பி வந்தது. இப்போது எதற்காக என்பதுபோல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிடுங்கிய களையைக் கூடையில் போட்டான்.

ஃபீபி தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், குழந்தையைக் கட்டியிருந்த துணி வெறுமையாக மடியில் கிடந்தது. அவளுக்கு இன்னும் இருபத்திரண்டுதான், மகன் அவளுக்குத் தாத்தாபோல இருந்தான். தாளை இரண்டு கையாலும் நீட்டினேன். மன்னிச்சிரும்மா என்றேன், அல்லது சொல்ல நினைத்தேன். வியாழக்கிழமை என்ற சொல்லை அவள் விரல் வைத்து ழகரம் பிசகாமல் வாசித்தாள். பிறகு எழுந்து நின்று, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் என் கால்களைப் பார்த்தாள்.

“சரியா எழுதியிருக்கீங்க எசமான்” என்றாள். அவள் உச்சரிப்பில் ஒரு பிழையும் இல்லை.